முப்பது நானோமீட்டர்

"சார், இந்தப் பழைய வெள்ளி ஃபிலிமோட கிராஃபையும் சேர்த்து எழுதட்டுமா?" என்றுதான் என்னிடம் ஆய்வேடு செய்த அந்தப் பிள்ளை கேட்டாள். "வேண்டாம் மக்களே, புது ஃபிலிமோட கிராஃபை மட்டும் போடு" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. மூன்று வருஷமாகியும் மனசை விட்டுப் போகவில்லை.

கண்ணாடித் தகட்டில் சில நானோமீட்டர் தடிமனுக்கு வெள்ளியைப் படியவைத்தால் அது முழுப் படலமாக நிற்காது. குட்டிக் குட்டித் தீவுகளாகத் திரளும். ஒளி பட்டதும் தீவுகளுக்குள் எலக்ட்ரான்கள் ஒன்றாக ஊசலாடும். அந்த ஊசலுக்கு ஒத்த அலைநீளத்தைத்தான் ஃபிலிம் அதிகமாக விழுங்கும். எங்களுடையது 440 நானோமீட்டரில் விழுங்கியது. நீலம் போய்விடுவதால், ஜன்னலுக்கு நேரே பிடித்தால் தேன் நிறம். அதே தகடு ஆனிச் சாரலில் பத்து நாள் மேசைமேல் கிடந்தது. விழுங்கலின் உச்சமான பீக் 470-க்கு நகர்ந்து, தாழ்ந்து, அகன்றுவிட்டது. ஓரமெல்லாம் பழுப்பு.

"எங்க அம்மா கொலுசும் இப்படித்தான் சார் கறுக்கும்" என்றாள். குளச்சல் பக்கம் வீடு அவளுக்கு.

சரியாகத்தான் சொன்னாள். கொலுசு கறுப்பது, வெள்ளியோடு கந்தகம் சேர்ந்து உண்டாகும் சல்பைடால். தீவுகள்மேல் சல்பைடு படிந்தால் சுற்றியிருக்கும் ஒளிவிலகல் எண் கூடி, பீக் சிவப்புப் பக்கம், அதாவது நீண்ட அலைநீளத்துக்கு நகரும். ஆனால் கடற்காற்றின் உப்பும் வெள்ளியைத் தின்னும். இதில் எது என்று பிரித்துச் சொல்ல எங்களிடம் கருவி இல்லை. வாய்மொழித் தேர்வான வைவாவில் கேட்டால் பிள்ளை திணறி நிற்பாள். சமர்ப்பிக்கப் பன்னிரண்டு நாள்தான் பாக்கி. அந்த நியாயம் இன்றைக்கும் எனக்கு நியாயமாகவே படுகிறது.

அப்புறம் இதுவும் தோன்றும்: பீக் நகர்வதை வைத்துத்தானே சென்சாரே செய்கிறார்கள்? வகுப்பில் நானே அதைச் சொல்லிக்கொடுக்கிறேன். கடலோரத்தில் வெள்ளிப் படலம் என்ன ஆகும் என்பதை நாகர்கோவிலில் இருக்கிற நாங்கள் பார்க்காமல் வேறு யார் பார்ப்பார்கள்? 'காரணம் இன்னும் தெரியவில்லை' என்று ஒரு வரி எழுத விட்டிருக்கலாம். வைவாவில் அந்தக் கேள்வி கைடான என் பக்கமும் திரும்பும். நான் காப்பாற்றியது அவளையா, என்னையா?

ஆய்வேட்டில் கிராஃபுக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருந்தாள்: அளவுகள் அனைத்தும் ஃபிலிம் தயாரித்த அன்றே எடுக்கப்பட்டவை. நான் சொல்லிக்கொடுத்த வரி இல்லை. வாசித்தேன், ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டேன்.

இப்போதும் புதிதாக வரும் பிள்ளைகளிடம் முதல் நாளே நான் சொல்வது, ஃபிலிமை வெளியில் போடாதே, உடனே ஈரம் புகாத டெசிகேட்டருக்குள் வை என்றுதான்.