ஜோசஃபின் பட்லர்: இரக்கத்தில் தொடங்கி உரிமைக்கு வந்தவர்

விக்டோரியா காலத்துச் சீர்திருத்தவாதிகளைப் பற்றிப் படிக்கும்போது, அவர்களில் பலரிடம் தென்படும் மேட்டிமை எனக்கு உறுத்தலாகவே இருக்கும். 'வழிதவறிய' பெண்ணைக் கைதூக்கிவிட வந்த சீமாட்டிகள் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியாது. ஜோசஃபின் பட்லரும் கருணைப் பணியில்தான் தொடங்கினார், ஆனால் அதோடு நின்றுவிடவில்லை.

அவர் 1828-இல் இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் பிறந்தார். அவருடைய தந்தை அடிமை முறை ஒழிப்பில் ஈடுபாடு கொண்டவர். 1864-இல் பட்லரின் ஒரே மகள் ஈவா மாடியிலிருந்து தவறி விழுந்து இறந்தாள். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் கணவரின் பணி காரணமாக லிவர்பூலில் குடியேறியவர், பிரவுன்லோ ஹில் ஏழையர் விடுதிக்குச் சென்று, பழைய கயிறுகளை நார் நாராகப் பிரித்துக்கொண்டிருந்த பெண்களோடு தரையில் அமர்ந்து தாமும் பிரிக்க முயன்றார். நோயுற்ற சிலரைத் தம் வீட்டுக்கே அழைத்து வந்தார். அதே ஆண்டுகளில் பெண்களின் உயர்கல்விக்காகவும் மணமான பெண்களின் சொத்துரிமைக்காகவும் உழைத்தார்.

அவரை நாடறியச் செய்தவை 1864, 1866, 1869 ஆகிய ஆண்டுகளில் நிறைவேறிய தொற்றுநோய்ச் சட்டங்கள். படைவீரர்களிடையே பரவிய பால்வினை நோயைத் தடுப்பதே நோக்கம் என்று சொல்லிக்கொண்டு, குறிப்பிட்ட துறைமுகங்களிலும் படைநகரங்களிலும் பாலியல் தொழில் செய்வதாகக் காவலர் சந்தேகித்த எந்தப் பெண்ணையும் கட்டாய மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தவும், நோய் இருந்தால் பல மாதங்கள் மருத்துவமனையில் அடைத்து வைக்கவும் அவை வழிசெய்தன. அவளோடு கூடிய ஆணுக்கு எந்தச் சோதனையும் இல்லை. இச்சட்டங்களை ஆராய்ந்து 1871-இல் அறிக்கை தந்த அரச ஆணையமோ, பெண் பணத்துக்காகச் செய்கிறாள், ஆண் இயற்கையான உந்துதலுக்கு முறையின்றி இடங்கொடுக்கிறான், ஆகவே இருவரையும் ஒப்பிடவே முடியாது என்று கூசாமல் எழுதியது.

இச்சட்டங்களை எதிர்த்து 1869-இல் உருவான மகளிர் தேசியச் சங்கத்தின் தலைமையைப் பட்லர் ஏற்றார். அதன் எதிர்ப்பு அறிக்கையில் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலும் எழுத்தாளர் ஹாரியட் மார்ட்டினோவும் கையெழுத்திட்டார்கள். பட்லரின் வாதம்தான் என்னைப் பெரிதும் ஈர்ப்பது: இந்தப் பெண்கள் பரிதாபத்துக்குரியவர்கள் என்பதைவிட, ஜூரி விசாரணையின்றி ஒருவரின் உடல்மீதும் சுதந்திரத்தின்மீதும் கை வைக்கும் சட்டம் இங்கிலாந்தின் அரசியலமைப்புக்கே விரோதமானது என்பதையே அவர் அழுத்திச் சொன்னார். தெருவில் நிற்கும் பெண்ணும் குடிமகள் என்று ஒப்புக்கொண்டால்தான் இந்த வாதமே நிற்கும். அன்றைய கனவான்களைச் சீண்டியது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

சட்டத்தை ஆதரித்த வேட்பாளர்களை இடைத்தேர்தல்களில் எதிர்ப்பது அவருடைய இயக்கத்தின் உத்தி. 1870-இல் கோல்செஸ்டரில் நின்ற சர் ஹென்றி ஸ்டோர்க்ஸ் தோற்றார். 1872-இல் பான்டிஃப்ராக்டில் நடந்த இடைத்தேர்தல் பிரிட்டனில் இரகசிய வாக்குமுறையில் நடந்த முதல் நாடாளுமன்ற இடைத்தேர்தல் என்பதற்காக நினைவுகூரப்படுகிறது. அதே தேர்தலின்போதுதான், பட்லர் பெண்களைக் கூட்டிப் பேசிக்கொண்டிருந்த வைக்கோல் பரணின் கீழே எதிராளிகள் வைக்கோலுக்குத் தீ வைத்தார்கள். ஒழுக்கத்தைக் காப்பதாகச் சொன்ன தரப்பின் ஒழுக்கம் அது. சட்டத்தை ஆதரித்த வேட்பாளர் ஹ்யூ சில்டர்ஸ் வென்றார், ஆனால் வாக்கு வித்தியாசம் குறைந்தது.

கட்டாயச் சோதனை 1883-இல் நிறுத்தி வைக்கப்பட்டது, சட்டங்கள் 1886-இல் நீக்கப்பட்டன. இடையே 1885-இல் பெண்களின் பாலுறவுச் சம்மத வயது 13-இலிருந்து 16 ஆக உயர்ந்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. அந்த வெற்றியின் அலையில் எழுந்த ஒழுக்கத் தூய்மை இயக்கத்தினர் பலர், பாலியல் தொழிலாளர்களைக் காவல்துறையைக் கொண்டே ஒடுக்க முனைந்தபோது, பட்லர் அதற்கு உடன்படவில்லை. இந்தியாவின் படைமுகாம்களிலோ அதே வகைக் கட்டாயச் சோதனை, 1888-இல் மக்களவை கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றிய பிறகும் தொடர்ந்தது. அறுபது வயதைத் தாண்டியிருந்த பட்லர் அதை எதிர்த்தும் எழுதிக்கொண்டிருந்தார்.