பழைய லேப்டாப்பை விற்கிறீர்களா? ஃபார்மட் போட்டது போதாது

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியதிலிருந்து சொந்தக்காரர்களிடமிருந்து எனக்கு வரும் போன் எல்லாம் ஒரே மாதிரிதான். "இதுல 11 ஏறாதாமே, எவ்வளவுக்குப் போகும்?" விலையைக் கேட்கிறார்கள், எந்தக் கடை என்று கேட்கிறார்கள், பேட்டரி போனால் விலை குறையுமா என்றுகூடக் கேட்கிறார்கள். உள்ளே இருக்கும் டிஸ்கைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நானாகக் கேட்டால், "அதெல்லாம் ஃபார்மட் போட்டாச்சுப்பா" என்று பதில் வரும்.

பெரியப்பா ஒருவரின் லேப்டாப் அப்படித்தான் என் கைக்கு வந்தது. கடைப்பையன் ஃபார்மட் போட்டு, புது விண்டோஸ் ஏற்றிப் பளபளவென்று கொடுத்திருந்தான். டெஸ்க்டாப்பில் ரீசைக்கிள் பின்னைத் தவிர ஒன்றும் இல்லை. நான் போட்டோரெக் என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவிலிருந்து ஓடவிட்டேன். அது ஃபைல்களின் பெயரையோ ஃபோல்டரையோ தேடாது. டிஸ்கை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை படித்துக்கொண்டே போகும், ஜேபெக் படம் தொடங்கும் அடையாளம் தெரிந்தால் அங்கிருந்து ஒரு படத்தை எடுக்கும், பிடிஎஃப் தொடங்கும் அடையாளம் தெரிந்தால் ஒரு பிடிஎஃப். வெளியே வரும் ஃபைலுக்கெல்லாம் வெறும் எண்தான் பெயர். அவர் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். முதலில் ஏதோ வலைப்பக்கங்களின் துண்டுப் படங்களாக வந்தன, அவருக்குச் சுவாரசியம் இல்லை. அப்புறம் அக்கா கல்யாணப் படங்கள், படிவம் 16, பாஸ்புக்கின் முதல் பக்கத்தை ஸ்கேன் செய்தது, வரன் பார்த்தபோது வந்த யார் யாருடைய ஜாதகங்களோ. "போதும், நிறுத்துடா" என்றார்.

மூன்றாம் மனிதரின் ஜாதகமும் படமும் அதில் இருந்தன என்பதைக் கவனியுங்கள். நம் டிஸ்கில் இருப்பது நம் விஷயம் மட்டும் இல்லை.

"ஆதார் பிடிஎஃப்புக்குத்தான் பாஸ்வேர்ட் இருக்கே" என்பார்கள். இ-ஆதாரின் பாஸ்வேர்ட் என்ன? பெயரின் முதல் நான்கு எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தில், கூடவே பிறந்த வருடம். அந்த இரண்டும் அதே டிஸ்கில் இருக்கும் மகளின் பயோடேட்டாவிலோ மதிப்பெண் பட்டியலிலோ கிடைத்துவிடும். கடை நடத்துபவர்களின் கணினி என்றால் இன்னும் மோசம். டேலி கணக்கு மென்பொருளின் டேட்டா ஃபோல்டர் ஒன்று போதும், யாரிடம் வாங்கினார், யாருக்கு என்ன விலைக்குக் கொடுத்தார், யார் எவ்வளவு பாக்கி என்று முழு வியாபாரமும் அடுத்தவர் கையில்.

இதெல்லாம் ஏன் நடக்கிறது என்றால், டெலீட் செய்வதும் குவிக் ஃபார்மட் போடுவதும் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று குறித்துவைத்த அட்டவணையில்தான் கை வைக்கின்றன. ரேஷன் கார்டிலிருந்து பெயரை எடுத்துவிட்டால் ஆள் வீட்டை விட்டுப் போய்விடுவதில்லை, அதே கதைதான். இந்த இடம் காலி, வேண்டுமானால் எழுதிக்கொள் என்று குறித்துவைக்கிறார்களே தவிர, அங்கே கிடப்பதை யாரும் தொடுவதில்லை. புது விண்டோஸ் ஏற்றினால் அது பிடிக்கும் சில பத்து ஜிபி அளவுக்குப் பழையது அழியும். மீதி டிஸ்க் அப்படியே கிடக்கும். விண்டோஸ் நிறுவும்போது திரையில் பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கில் பிரித்துவைத்த பகுதியை, தேர்ந்தெடுத்து ஃபார்மட் அமுக்குகிறோமே, அதுவும் குவிக் ஃபார்மட்தான்.

இது புதிதாகக் கண்டுபிடித்த ஆபத்து இல்லை. எம்ஐடியில் படித்துக்கொண்டிருந்த சிம்சன் கார்ஃபிங்கெல், அபி ஷெலட் என்ற இருவர் பழைய டிஸ்க்குகளாக 158 வாங்கிச் சோதித்து 2003-இல் எழுதினார்கள். அதில் 129 வேலை செய்தன. முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டும். கிரெடிட் கார்டு எண்களே ஐயாயிரத்துக்கு மேல் கிடைத்தன, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து ஏடிஎம் ஒன்றில் இருந்த டிஸ்க்கும் அந்தக் கூட்டத்தில் இருந்தது. சரி, அது அந்தக் காலம் என்று தள்ளவும் முடியாது. மார்கன் ஸ்டான்லி, சாதாரண நிறுவனமா? பழைய சர்வர்களையும் டிஸ்க்குகளையும் அப்புறப்படுத்தும் வேலையை, டேட்டா அழிப்பில் எந்த அனுபவமும் இல்லாத, சாமான் ஏற்றி இறக்கும் ஒரு நிறுவனத்திடம் கொடுத்தது. அவை வாடிக்கையாளர் விவரங்களோடு இணைய ஏலத்தில் போயின. வாங்கிய ஒருவரே, உங்கள் டேட்டா என்னிடம் இருக்கிறது என்று அவர்களுக்கு மின்னஞ்சல் போட்டார். 2022 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் விதித்த அபராதம் 3.5 கோடி டாலர். பாதிக்கப்பட்ட வாடிக்கையாளர்கள் சுமார் 1.5 கோடிப் பேர்.

இனி எப்படி அழிப்பது என்று பார்ப்போம். முதலில் உள்ளே இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க்கா, சுழலாமல் சிப்புகளில் பதிந்துவைக்கும் எஸ்எஸ்டியா என்று பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போனால் டிஸ்க் என்பதற்குக் கீழேயே எழுதியிருக்கும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

ஹார்ட் டிஸ்க் என்றால் வேலை சுலபம், நேரம்தான் பிடிக்கும். எல்லா இடத்திலும் ஒருமுறை பூஜ்யம் எழுதினால் போதும். ஒரே முறை. இங்கேதான் பலர் சண்டைக்கு வருவார்கள்: 7 முறை எழுத வேண்டாமா, 35 முறை எழுத வேண்டாமா? அந்த 35 எங்கிருந்து வந்தது என்றால், பீட்டர் குட்மன் என்பவர் 1996-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து. அன்றைக்குப் புழக்கத்தில் இருந்த பழசு புதுசு எல்லா வகை டிஸ்க்குகளின் குறியீட்டு முறைகளுக்கும் சேர்த்துப் போட்ட மொத்தக் கணக்கு அது. எந்த ஒரு டிஸ்க்குக்கும் முழு 35-உம் தேவையே இல்லை. பின்னாளில் அவரே, ஜனங்கள் இதைப் பேயோட்டும் மந்திரம் மாதிரி ஆக்கிவிட்டார்கள் என்று அலுத்துக்கொண்டார். அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டியும் இன்றைய டிஸ்க்குகளுக்கு ஒருமுறை எழுதினால் போதும் என்ற பக்கம்தான் நிற்கிறது. ஒரு டெராபைட் லேப்டாப் டிஸ்க்கில் ஒருமுறை எழுதவே மூன்று மணி நேரம் ஆகும், 35 முறைக்கு எத்தனை நாள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கரண்ட் பில் வேறு.

செய்முறை இது. ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸால் தன் சொந்த டிஸ்கை அழிக்க முடியாது, அதனால் விண்டோஸ் நிறுவும் பென் டிரைவ் ஒன்றிலிருந்து கணினியைத் தொடங்குங்கள் (பூட் செய்யுங்கள்). மொழி கேட்கும் முதல் திரையிலேயே ஷிஃப்டும் எஃப்10-உம் சேர்த்து அமுக்கினால் கறுப்புத் திரை வரும். அதில் டிஸ்க்பார்ட் என்று அடித்து உள்ளே போய், 'லிஸ்ட் டிஸ்க்' கொடுத்தால் இருக்கிற டிஸ்க்குகள் அளவோடு வரிசையாக வரும். பேக்கப் எடுத்து வைத்த வெளி டிஸ்க் செருகியிருந்தால் தயவுசெய்து முதலில் அதைப் பிடுங்கிவிடுங்கள். அவசரத்தில் 0-க்குப் பதில் 1 என்று அடித்தால், விற்கிற டேட்டா பத்திரமாக இருக்கும், வைத்துக்கொள்ள வேண்டியது போய்விடும். 'செலக்ட் டிஸ்க்' என்று அதன் எண்ணோடு அடித்து டிஸ்கைத் தேர்ந்தெடுத்த பிறகு 'கிளீன் ஆல்'. வெறும் 'கிளீன்' என்று நிறுத்தினால் பார்ட்டிஷன் விவரம் மட்டும்தான் போகும். 'ஆல்' சேர்த்தால்தான் ஒவ்வொரு செக்டரிலும், அதாவது டிஸ்க்கின் ஒவ்வொரு சின்னத் துண்டிலும், பூஜ்யம் எழுதும். எத்தனை சதவீதம் முடிந்தது என்றெல்லாம் திரை சொல்லாது, கர்சர் மட்டும் சிமிட்டிக்கொண்டே இருக்கும். தொங்கிவிட்டதோ என்று ஆஃப் செய்துவிடாதீர்கள். சார்ஜரைப் போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். முன்னேற்றம் கண்ணால் பார்த்தால்தான் நிம்மதி என்பவர்கள் ஷ்ரெட்ஓஎஸ் என்பதைப் பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளலாம், எவ்வளவு முடிந்தது, எவ்வளவு நேரம் பாக்கி என்று எல்லாம் காட்டும்.

முடிந்ததும் சோதியுங்கள். மறுபடி போட்டோரெக்கையே ஓடவிட்டால் போதும். ஒரு ஃபைலும் வரக்கூடாது.

ஒரு சின்ன ஓட்டை இதிலும் உண்டு. டிஸ்க் தன் ஆயுளில் பழுதான செக்டர்களை ஒதுக்கிவைத்துவிட்டு வேறு இடத்தைப் பயன்படுத்தும்; ஒதுக்கிய அந்தத் துண்டுகளை நாம் எழுதும் பூஜ்யம் தொடாது. வீட்டுக் கணினிக்கு இதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நமக்குப் பயம் ஆய்வுக்கூடம் வைத்திருப்பவனிடம் இல்லை, இலவச மென்பொருள் வைத்திருக்கும் பொழுதுபோகாதவனிடம்தான்.

எஸ்எஸ்டிக்கு வருவோம். அதில் ஒரே இடத்தில் திரும்ப எழுதச் சொன்னால், எங்கே எழுதுவது என்று உள்ளே இருந்து தீர்மானிக்கும் கன்ட்ரோலர் சரி என்று சொல்லிவிட்டு வேறு இடத்தில் எழுதும். சிப்புகள் சீராகத் தேய வேண்டும் என்பதற்காக அப்படி. போதாக்குறைக்கு, பெட்டியில் போட்டிருக்கும் அளவைவிடக் கூடுதல் இடம் உள்ளே இருக்கும், அதை நாம் பார்க்கவே முடியாது. அதனால் பூஜ்யம் எழுதும் வித்தை இங்கே முழுசாகப் பலிக்காது, எஸ்எஸ்டியின் ஆயுளையும் கொஞ்சம் தின்னும். நியாயமாக மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்: டெலீட் செய்த இடத்தை எஸ்எஸ்டி தானே காலிசெய்துகொள்ள உதவும் ட்ரிம் என்ற ஏற்பாடு இருப்பதால் லேப்டாப்புக்குள் இருக்கும் எஸ்எஸ்டியில் டெலீட் செய்ததைச் சாதாரண மென்பொருள் வைத்து மீட்பது ஹார்ட் டிஸ்க்கைவிடக் கஷ்டம். ஆனால் அதை நம்பி விற்க எனக்கு மனம் வராது.

எஸ்எஸ்டிக்குள்ளேயே அழிக்கும் கட்டளை இருக்கிறது. அதைக் கூப்பிட்டால் கன்ட்ரோலரே எல்லா சிப்பையும் காலிசெய்யும், சில நேரம் காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். கொஞ்சம் நல்ல லேப்டாப் என்றால், விண்டோஸ் தொடங்குவதற்கு முன்னால் திறக்கும் பயாஸ் செட்டிங்ஸிலேயே செக்யூர் எரேஸ் என்றோ டேட்டா வைப் என்றோ ஒரு வரி இருக்கும், அதைத்தான் முதலில் தேடுங்கள். இல்லையென்றால் எஸ்எஸ்டி தயாரித்த நிறுவனத்தின் மென்பொருள். லினக்ஸ் பழக்கம் உள்ளவர்களுக்கு எச்டிபார்ம், என்விஎம்இ கட்டளைகள். எச்டிபார்மில் டிஸ்க் 'ஃப்ரோஸன்' என்று காட்டி வேலை செய்ய மறுத்தால், லேப்டாப்பை ஒருமுறை ஸ்லீப்பில் போட்டு எழுப்புங்கள், பெரும்பாலும் வழிவிடும். இந்தக் கட்டளையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது: சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2011-இல் சோதித்தபோது, ஒரு எஸ்எஸ்டி அழித்தாயிற்று என்று சொல்லிவிட்டு டேட்டாவை முழுசாக அப்படியே வைத்திருந்தது. ஆகவே இங்கேயும் போட்டோரெக் ஓட்டிப் பாருங்கள்.

இதெல்லாம் நமக்கு ஒத்துவராது என்பவர்கள் விண்டோஸில் 'ரீசெட் திஸ் பிசி' போய், எல்லாவற்றையும் நீக்கு என்பதைத் தேர்ந்தெடுத்து, உடனே நெக்ஸ்ட் அமுக்காமல் செட்டிங்ஸை மாற்றும் வரியைத் திறந்து, 'கிளீன் டேட்டா' என்பதை ஆன் செய்யுங்கள். அது இல்லாமல் ரீசெட் செய்தால் மேலோட்டமான அழிப்புதான். இது வீட்டு உபயோகத்துக்கு மட்டும்தான், அரசுத் தரத்துக்கு ஈடாகாது என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்கிறது. வீட்டு லேப்டாப்பை விற்க எனக்கு இது போதும், ஆடிட்டர் அலுவலகத்துக் கணினி என்றால் போதாது.

புது லேப்டாப் வாங்குகிறவர்களுக்கு என் சிபாரிசு ஒன்றுதான்: டிஸ்க் முழுவதையும் சாவி போட்டுப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரையோ டிவைஸ் என்கிரிப்ஷனையோ முதல் நாளே போட்டுவிடுங்கள். ரெகவரி கீயைக் காகிதத்திலும் எழுதி வையுங்கள், அது தொலைந்தால், கணினி அதைக் கேட்கும் நாளில் உங்களாலேயே திறக்க முடியாது. டிஸ்க்கில் இருப்பதெல்லாம் பூட்டிய நிலையிலேயே இருப்பதால், விற்கும் நாளில் சாவியை அழித்தால் வேலை முடிந்தது, பயன்படுத்தாமல் ஒதுக்கிய துண்டுகளைப் பற்றியும் கவலை இல்லை. எம்1-இலிருந்து வரும் மேக்குகளில் 'எரேஸ் ஆல் கன்டென்ட் அண்ட் செட்டிங்ஸ்' செய்வதும் இதைத்தான். மேக்கில் அதோடு ஐகிளவுடிலிருந்து வெளியேறிவிட்டதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் வாங்கியவர், உங்கள் கணக்கு இல்லாமல் திறக்காத ஆக்டிவேஷன் லாக்கோடு உங்கள் வாசலில் வந்து நிற்பார்.

செத்துப்போன டிஸ்கை என்ன செய்வது? அழிக்க முடியாததை விற்காதீர்கள். உங்கள் கணினியில் ஓடவில்லை என்பதற்காக, ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே டேட்டா பதிந்திருக்கும் தட்டில் உள்ளது போய்விடவில்லை, சர்க்யூட் பலகையை மாற்றி ஓட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். லேப்டாப்பை டிஸ்க் இல்லாமல் கொடுங்கள், விலையில் கொஞ்சம் குறைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை மேலே தேய்ப்பதெல்லாம் வேடிக்கை. டிரில்லர் இருந்தால் தட்டுகளின் ஊடாக நாலைந்து ஓட்டை போட்டுவிட்டு மின்கழிவு வாங்குபவரிடம் கொடுக்கலாம், காயலான் கடையில் முழுசாகப் போட வேண்டாம். லேப்டாப் டிஸ்க்குகளில் பல கண்ணாடித் தட்டுகள், சில்லு சில்லாகத் தெறிக்கும், கண்ணுக்கு ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள். நல்ல நிலையில் ஓடும் டிஸ்கைச் சுத்தியலால் அடித்து நொறுக்குபவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது வயிற்றெரிச்சல். துடைத்துக் கொடுத்தால் யாரோ ஒரு பிள்ளை படிக்கும் லேப்டாப்புக்கு ஆகும்.

அழிப்பதற்கு முன்னால் பேக்கப்பை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள், காப்பி ஆயிற்று என்ற நம்பிக்கையோடு நிறுத்தாமல். டேலி வைத்திருப்பவர்கள் லைசென்ஸை சரண்டர் செய்துவிட்டு வாருங்கள். போனிலிருந்து வாட்ஸ்அப்பின் இணைத்த சாதனங்களில் அந்தக் கணினியை நீக்குங்கள், கூகுள், மைக்ரோசாஃப்ட் கணக்குகளிலும் அப்படியே.

எல்லாவற்றையும் அழித்தால் விண்டோஸ் லைசென்ஸ் போய்விடுமே என்று பெரியப்பா கேட்டார், இது எல்லோரும் கேட்கும் கேள்விதான். விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸோடு விற்ற பிராண்டட் லேப்டாப்புகளில் அந்த லைசென்ஸ் கீ மதர்போர்டிலேயே இருக்கும், டிஸ்க்கில் இல்லை. அதே எடிஷனைத் திரும்ப ஏற்றி நெட்டில் இணைத்தால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். போகிறது ரெகவரி பார்ட்டிஷன் மட்டும்தான், அதற்குத்தான் கையில் பென் டிரைவ் இருக்கிறதே.