எண்ணிக்கை ஏறும்வரை

பிப்ரவரி 11

இன்று 40. இரத்தம் உண்டாக்கும் என் ஸ்டெம் செல்களைத் தம்பிக்கு ஏற்றிய பிறகு, அவன் இரத்தத்தில் கிருமியோடு போராடும் வெள்ளணுக்களான நியூட்ரோபில்களின் எண்ணிக்கை இது.

டெல்லியில் நான் தங்கியிருக்கும் இடத்தின் கீழ்க்கூடத்து டிவியில் ஒரு சீனப் படம், இந்தியில்: 'தி 36த் சேம்பர் ஆஃப் ஷாலின்'. பாதியில்தான் போய் உட்கார்ந்தேன். மொட்டைத்தலை இளைஞன் ஒருவன் இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, இரண்டு வாளித் தண்ணீரைச் சுமந்துகொண்டு சரிவில் ஏறுகிறான். மேற்கைகளின் உட்புறம் கத்திகள் கட்டப்பட்டிருக்கின்றன. கை தாழ்ந்தால் விலாவில் இறங்கும். கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் தோளை உயர்த்தியபடியே பார்த்தோம். பாபுஜி மட்டும் அசையவில்லை. பீகாரில் தர்பங்காக்காரர்; ஆஸ்பத்திரியில் அவருடைய பேரன் என் தம்பிக்குப் பக்கத்து அறையில்.

அந்த மொட்டைத்தலையைப் பார்த்ததும் எழுந்து போய்விடத்தான் நினைத்தேன். போகவில்லை.

பிப்ரவரி 12

30. இறங்கியிருக்கிறது.

பிப்ரவரி 13

தம்பிக்கு வாயெல்லாம் புண். எச்சில்கூட விழுங்க முடியவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்டர்காமைக் காதில் வைத்துக்கொள்கிறான், அவ்வளவுதான். நான்தான் பேசுகிறேன். இன்று படத்தின் கதையைச் சொன்னேன். முன்பகுதி பாபுஜியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது.

சீனாவை ஆண்ட மஞ்சு இனத்தாரின் ஆட்சியில் குடும்பத்தைப் பறிகொடுத்தவன் காயத்தோடு ஷாலின் என்ற புத்த மடத்தில் போய் விழுகிறான். ஓராண்டு பெருக்கிக்கொண்டிருக்கிறான். பிறகு, எந்த அறையில் தொடங்குகிறாய் என்று கேட்கிறார்கள். மொத்தம் 35 அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பயிற்சி. எடுத்த எடுப்பில் உச்சி அறைக்கே போகிறேன் என்கிறான். அங்கே வயதான துறவிகள் சூத்திரம் ஓதிக்கொண்டிருக்கிறார்கள்; ஒன்றும் புரியவில்லை. அடிபட்டுத் திரும்பி, எல்லாவற்றுக்கும் கீழே உள்ள அறையிலிருந்து ஆரம்பிக்கிறான். அது சாப்பாட்டுக்கூடத்துக்குப் போகும் வழி. குறுக்கே தண்ணீர், அதில் மிதக்கும் மரக்கட்டைகள். அதன்மேல் கால் வைத்துத் தாண்டினால் சோறு. விழுந்து நனைந்தால் இல்லை.

சோறு என்றதும் தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இரவு அம்மா போனில், "தம்பி என்னடி சொன்னான்?" என்றாள். "நேற்றைக்கு இன்று பரவாயில்லையாம். உன்னை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னான்" என்றேன். வாய் திறக்க முடிந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பான்.

பிப்ரவரி 15

40. ஜுரம் 102. மருந்தை மாற்றியிருக்கிறார்கள்.

என் செல்கள்தானே அவை. பள்ளிக்கூட நாளிலிருந்தே என்னை ஒரு காய்ச்சல் படுக்கவைத்ததில்லை. அங்கே போய் ஏன் இப்படிச் சும்மா இருக்கின்றன?

பிப்ரவரி 16

தூக்கமில்லை. கஞ்சியைக் குக்கரில் ஏற்றிவிட்டு இதை எழுதுகிறேன்.

பாபுஜி அந்தப் படத்தைத் தன் போனிலேயே வைத்திருக்கிறார். நேற்று இரவு முதலிலிருந்து போட்டுக் காட்டினார். இந்தியில் மடத்துத் துறவிகள் புராணத் தொடர்களில் வரும் முனிவர்களைப்போல் சமஸ்கிருதம் கலந்து பேசுகிறார்கள். மஞ்சுத் தளபதிக்கு மட்டும் கனத்த உருது. பாதிக்கு மேல் எனக்குப் புரியவில்லை, ஆனாலும் யார் எந்தப் பக்கம் என்பது குரலிலேயே தெரிந்துவிட்டது. உதடு முடிந்த பிறகும் பேச்சு ஓடும். சில இடங்களில் பேச்சு முடிந்த பிறகும் உதடு அசையும். கூடத்தில் ஒரு பையன் அதைப் பார்த்துச் சிரித்தான். எனக்குக் கோபம் வந்தது.

1978-இல் ஹாங்காங்கில் ஷா பிரதர்ஸ் எடுத்த படம் இது. மடமாகக் காட்டுவதில் பெரும்பகுதி கிளியர்வாட்டர் பேயில் இருந்த அவர்களுடைய ஸ்டுடியோ. நிஜ ஷாலின் வடக்கே சீனாவின் ஹெனான் மாகாணத்தில். அந்தக் காலத்தில் ஹாங்காங்கில் படப்பிடிப்பின்போதே வசனத்தை ஒலிப்பதிவு செய்வது வழக்கமில்லை. நடித்து முடித்த பிறகு, தனியாக ஆட்கள் உட்கார்ந்து மாண்டரினில் குரல் கொடுத்தார்கள். ஆக, சீன மொழியில் பார்த்தாலும் கேட்பது இரவல் குரல்தான். நாயகன் கோர்டன் லியுவுக்குச் சொந்தமாக அங்கே இருப்பது அந்தத் தோள், அந்த மணிக்கட்டு, தண்ணீரில் விழுந்துவிட்டு எழுந்து நிற்கிற விதம். இயக்குநர் லாவ் கார்-லியுங் ஹுங் கார் என்ற குங்ஃபூ பரம்பரையில் வந்தவர், சண்டை அமைப்பாளராக இருந்து இயக்குநரானவர். அதனால்தான் பழிவாங்கும் கதையில் பயிற்சிக்கு இவ்வளவு நேரம் கொடுத்திருக்கிறார். வேறு யாராக இருந்தாலும் இரண்டு நிமிடப் பாட்டில் முடித்திருப்பார்கள்.

மொழி மாறிக் குரல் மாறினாலும் அடி விழும் சத்தம் பல படங்களில் மாறுவதில்லை. அந்த ஒலியைத் தனியாக வைத்திருந்தால் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

குக்கர் இரண்டாவது விசில்.

பிப்ரவரி 17

40.

பிப்ரவரி 18

கோர்டன் லியுவைப் பற்றி நடுராத்திரியில் தேடியிருக்கக் கூடாது. 2011-இல் பக்கவாதம். ஒரு பக்கம் செயலிழந்து பராமரிப்பு இல்லத்தில். வாளிகளைத் தூக்கிய அந்தக் கை. போனை அணைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பாபுஜியிடம் இதைச் சொல்ல மாட்டேன். தம்பியிடம் சொல்லவே மாட்டேன்.

பிப்ரவரி 20

90!

கையெழுத்து மங்கலாக இருக்கிறதோ, ஒருவேளை 40-தானோ என்று நர்ஸிடம் இரண்டு முறை கேட்டேன். 90-தான். தெருவில் இறங்கி யூசுப் சராய் கடைவீதி முழுக்க ஒன்றும் வாங்காமல் நடந்தேன்.

பிப்ரவரி 21

70. ஏறி இறங்கும் என்றார்கள். எனக்கு இறங்குவது வேண்டாம்.

தலையின் இருபுறமும் பெரிய ஊதுவத்திகளைக் கொளுத்தி நிறுத்திவிட்டு, எதிரே ஆடும் விளக்கைக் கண்ணால் மட்டும் தொடரச் சொல்லும் அறை ஒன்று உண்டு. தலை திரும்பினால் கன்னம் சுடும். காலையில் ரிப்போர்ட்டுக்காகக் கவுன்டர் முன்னால் நிற்கும்போது அந்த அறையில்தான் நிற்கிறேன்.

பிப்ரவரி 23

210. ஜுரம் இல்லை. தம்பி இரண்டு கரண்டி கஞ்சி குடித்தான்.

பாபுஜியின் பேரனைத் தீவிர சிகிச்சைக்கு மாற்றிவிட்டார்கள். டிவி ஓடிக்கொண்டிருந்தது, அவர் பார்க்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "நீ போய்ச் சாப்பிடு, மகளே" என்றார். இந்தியில் ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியாது. தமிழில் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

பிப்ரவரி 25

390.

இன்டர்காமில் தம்பியின் குரல். கரகரவென்று, வேறு யாரோ போல. "அக்கா, அவன் கடைசியில் எந்த அறைக்குத் தலைவனானான்?"

எல்லா அறைகளையும் முடித்தவனிடம், வேண்டியதைத் தேர்ந்தெடு என்கிறார்கள். இருக்கிற எதுவும் வேண்டாம், புதிதாக 36-ஆவது ஒன்றைத் திறந்து வெளியில் உள்ள சாதாரண ஜனங்களுக்குக் கற்றுக்கொடுக்கிறேன் என்கிறான். அதற்காகத் தண்டனை என்ற பெயரில் மடத்தைவிட்டு அனுப்புகிறார்கள். இதைச் சொல்லி முடிப்பதற்குள் பார்வை நேரம் முடிந்துவிட்டது. பாதி கேட்டிருப்பான்.

அம்மாவிடம் அவனையே பேச வைத்தேன். அவள் அழுததில் அவன் பேசியது ஒன்றும் அவளுக்குக் கேட்கவில்லை.

பிப்ரவரி 26

560. மூன்று நாள் தொடர்ந்து 500-க்கு மேல் நிற்க வேண்டும், அப்போதுதான் என் செல்கள் அவன் உடம்பில் பிடித்துவிட்டதாக அர்த்தம்.

பாபுஜியின் பேரனுக்குப் பிளேட்லெட் அவசரம். நான் இப்போது கொடுக்க முடியாது என்று இரத்த வங்கியில் சொல்லிவிட்டார்கள். ஆர்.கே.புரத்தில் தெரிந்த இரண்டு பேரிடம் கேட்டிருக்கிறேன். ஒருவர் காலை எட்டு மணிக்கு வருகிறார். இன்னொருவர் போனை எடுக்கவில்லை, மறுபடி அடிக்க வேண்டும்.