கடிதத்தை யார் எழுதுவது: ஒரு நாட்குறிப்பு

2016 ஒக்டோபர் 2, ஞாயிறு

பேர்மிங்ஹாமில் நடக்கும் தன் கட்சி மாநாட்டில், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் பிரித்தானியா விலகப் பிரதமர் தெரேசா மே நாள் குறித்துவிட்டார். அடுத்த மார்ச் முடிவதற்குள் ஒன்றிய உடன்படிக்கையின் 50 ஆம் உறுப்புரையின் கீழ் விலகல் அறிவித்தல் கொடுக்கப்படுமாம். அதைக் கொடுப்பது அரசாங்கத்தின் பொறுப்பே தவிர, பொதுமக்கள் சபையின் வேலையுமில்லை, பிரபுக்கள் சபையின் வேலையுமில்லையாம். மனைவி அலுமாரியிலிருந்து எங்கள் நெதர்லாந்துக் கடவுச்சீட்டுகளை எடுத்து, காலாவதித் திகதியைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். ஜூனில் நடந்த சர்வசன வாக்கெடுப்பில் எங்களுக்கு வாக்கு இல்லை. இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் மச்சானுக்கு, பொதுநலவாய நாட்டவர் என்பதால், இருந்தது. ஐரோப்பியரின் வரத்துக் குறைந்தால் ஊர்ப் பிள்ளைகளுக்கு விசா இலகுவாகும் என்று நம்பி, அவர் விலகுவதற்கே போட்டார்.

ஒக்டோபர் 13, வியாழன்

அறிவித்தலை அரசாங்கம் தானாகவே கொடுப்பதை எதிர்த்த வழக்கு, லண்டன் மேல் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. வழக்காளிகளில் ஒருவர் கயானாவில் பிறந்த ஜீனா மில்லர். மற்றவர் சிகையலங்காரத் தொழிலாளியான டெய்ர் டொஸ் சான்டோஸ். வழக்கு விலகலாமா கூடாதா என்பதைப் பற்றியதே அல்ல என்பதை எத்தனை தடவை சொன்னாலும் வேலையிடத்தில் ஒருவரும் ஏற்பதாயில்லை. பாராளுமன்றம் சட்டம் இயற்றித் தந்த உரிமைகளை, அரச தனியுரிமை என்ற பழைய அதிகாரத்தைக் கொண்டு அமைச்சர்கள் தாமாகவே இல்லாமற் செய்யலாமா என்பதுதான் கேள்வி. சட்டமா அதிபர் ஜெரமி ரைட்டின் தரப்பு சொல்வதும் அற்பமானதல்ல: உடன்படிக்கை செய்வதும் முறிப்பதும் எக்காலத்திலும் முடியின், அதாவது மன்னரின் பேரால் ஆளும் அரசாங்கத்தின், அதிகாரம், சர்வசன வாக்கெடுப்பில் 51.9 வீதத்தினர் விலகச் சொல்லிவிட்டார்கள். இனி எஞ்சியிருப்பது நிறைவேற்றுவது மட்டுமே. ஆனால் வாக்கெடுப்பு நடத்தக் கொண்டுவந்த 2015 ஆம் ஆண்டுச் சட்டத்தில், முடிவு வந்த பின் யார் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. அந்த ஒரு வரியை அன்று எழுதியிருந்தால் இந்த வழக்கே வந்திராது.

ஒக்டோபர் 18

அறிவித்தல் கொடுத்தால் திரும்பப் பெற முடியாது என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டுவிட்டன, ஏன்?

ஒக்டோபர் 28, வெள்ளி

இதே போன்ற இன்னொரு வழக்கில், வட அயர்லாந்தின் பெல்பாஸ்ற் நீதிமன்றம் அரசாங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. இரவு தூக்கமில்லை.

நவம்பர் 3, வியாழன்

பாராளுமன்றமே தீர்மானிக்க வேண்டும்! மூன்று நீதியரசர்களும் ஒரே குரலில். 1972 ஆம் ஆண்டின் ஐரோப்பிய சமூகங்கள் சட்டத்தின் வழியாக இந்த நாட்டுக்குள் வந்த உரிமைகளை, அமைச்சரின் கையொப்பம் ஒன்று அகற்ற முடியாது என்கிறார்கள். மன்னருக்கு நாட்டுச் சட்டம் அனுமதிப்பதைத் தவிர வேறு தனியுரிமை இல்லை என்று 1610 இல் எட்வர்ட் கோக் சொன்னது, நானூறு ஆண்டுகள் கழிந்து என் சமையலறை மேசைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. மச்சான் தொலைபேசியில் கொதித்தார். "அத்தான், நாங்கள் வோட்டுப் போட்டு முடிஞ்சுது. இனிக் கோர்ட்டுக்கு இதில என்ன வேலை?" வாக்காளர் சொன்னது எங்கே போக வேண்டும் என்பதை மட்டுமே. எந்த வழியால், எந்தக் காலத்தில், யாருடைய உரிமைகளை என்ன செய்துகொண்டு போவது என்பதை அந்த வாக்குச்சீட்டு கேட்கவில்லை. இதைச் சொல்ல வாயெடுக்கும் முன் அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

நவம்பர் 4

கடையில் பாணும் பாலும் வாங்கப் போனேன். டெய்லி மெயிலின் முதற்பக்கத்தில் மூன்று நீதியரசர்களின் படங்களும், கீழே 'மக்களின் எதிரிகள்' என்ற தலைப்பும். கடைக்காரத் தம்பி கட்டை அவிழ்த்து, விலைச் சீட்டு அந்தத் தலைப்பின் மேலே விழாதபடி கவனமாக அடுக்கிக்கொண்டிருந்தார். நீதிபதிகளைப் பாதுகாக்க வேண்டிய அமைச்சர் இன்னும் வாய் திறக்கவில்லை.

டிசம்பர் 5, திங்கள்

அரசாங்கத்தின் மேன்முறையீடு, நாட்டின் உச்ச மன்றமான உயர் நீதிமன்றத்தில். முதன்முறையாகப் பதினொரு நீதியரசர்களும் ஒன்றாக அமர்ந்திருக்கிறார்கள். வழக்காளிகள் சிலருக்கு மிரட்டல்கள் வந்திருப்பதால் அவர்களின் முகவரிகளை வெளியிடக் கூடாது என்று நீதிமன்றத் தலைவர் நியூபேர்கர் பிரபு தொடக்கத்திலேயே எச்சரித்தார். சட்டக் கேள்வி ஒன்றைக் கேட்டதற்கு இந்தக் கதி.

டிசம்பர் 7

மார்ச் கெடுவை மதிக்கும் பிரேரணை பொதுமக்கள் சபையில் 448க்கு 75 என்று நிறைவேறியது. பிரேரணை சட்டமாகாது, ஆயினும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது தெரிந்துவிட்டது.

டிசம்பர் 8, வியாழன்

விசாரணை முடிந்தது. இதே கட்டடத்தில்தான், ஒருகாலத்தில் இலங்கையின் கடைசி மேன்முறையீட்டு மன்றமாயிருந்த கோமறைக் கழகத்தின் (பிரிவி கவுன்சில்) நீதிக்குழுவும் இப்போது இருக்கிறது என்று வாசித்ததிலிருந்து மனம் இலங்கைக்குப் போய்விட்டது. 1948 இல் மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் எந்த அமைச்சரின் தனியுரிமையாலும் வந்ததல்ல. பாராளுமன்றத்தில் முறைப்படி வாசித்து, விவாதித்து, வாக்கெடுத்து நிறைவேற்றப்பட்டது. அதை எதிர்த்துக் கோடகன் பிள்ளை தொடுத்த வழக்கு லண்டன்வரை வந்து, 1953 இல் கோமறைக் கழகத்தில் தோற்றது. அப்படியிருக்க, பாராளுமன்றம் தீர்மானிக்கட்டும் என்று நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக நிற்கிறேன்? அங்கே குறைந்தபட்சம் எழுந்து நின்று எதிர்த்தவர்களின் பேச்சு ஹன்சார்ட் என்ற பாராளுமன்றப் பதிவேட்டில் இருக்கிறது. யார் எந்தப் பக்கம் கை உயர்த்தினார் என்பதை இன்றும் தேடிப் பார்க்கலாம். அமைச்சரவை அறைக்குள் எடுக்கும் முடிவுக்கு அதுவும் இல்லை. இதற்கு மேல் எனக்குப் பதில் தெரியவில்லை.

2017 ஜனவரி 24, செவ்வாய்

எட்டுக்கு மூன்று. பெரும்பான்மையினர் சொல்வது: 1972 ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் உள்ளவரை ஐரோப்பியச் சட்டமும் இந்நாட்டுச் சட்டத்தின் ஊற்றுகளில் ஒன்று, அந்த ஊற்றை அடைப்பது அரசியலமைப்பையே மாற்றுவதாகும், அதைப் பாராளுமன்றம் சட்டமியற்றித்தான் செய்யலாம். ரீட் பிரபுவின் மாறுபட்ட தீர்ப்பை இருமுறை வாசித்தேன்: உடன்படிக்கைகளில் என்ன இருக்கிறதோ அதைத்தான் அந்தச் சட்டம் உள்ளே விடுகிறது, உடன்படிக்கை போனால் உள்ளே விட ஒன்றுமில்லை, அவ்வளவே என்கிறார். தர்க்கத்தில் குறை காண்பது கடினம். ஆனாலும் உரிமையைத் தரும்போது சட்டம் வேண்டும், பறிக்கும்போது வேண்டாம் என்பதை மனம் ஏற்கவில்லை. ஸ்கொட்லாந்து, வட அயர்லாந்து சபைகளின் சம்மதம் சட்டப்படி தேவையில்லை என்பதில் மட்டும் பதினொருவரும் ஒருமித்திருக்கிறார்கள். தங்கி இருக்க ஸ்கொட்லாந்தில் 62 வீதத்தினர் வாக்களித்தார்கள்.

ஜனவரி 26

அறிவித்தல் கொடுக்கப் பிரதமருக்கு அதிகாரம் தரும் மசோதா வந்தது. இரண்டே பிரிவுகள். ஒரு பக்கத்தைக்கூட நிரப்பாது.

பெப்ரவரி 1, புதன்

பொதுமக்கள் சபையில் மசோதாவுக்கு ஆதரவு 498க்கு 114. ஆளும் கட்சியில் எதிர்த்து வாக்களித்தவர் கென்னத் கிளார்க் ஒருவரே. நீதிமன்றம் போராடிப் பெற்றுக் கொடுத்த உரிமையை, சில நாட்களுக்குள் மறுபடி அமைச்சரின் கையிலேயே வைத்துவிட்டார்கள். தங்கள் தொகுதி மக்கள் கேட்டதைத்தான் செய்தார்கள் என்று மச்சான் சொல்வார், அதுவும் பொய்யில்லை. அப்படியானால் அதைச் சட்டத்தில் தெளிவாக எழுதி, நிபந்தனைகள் வைத்துச் செய்திருக்கலாமே.

மார்ச் 1

பிரபுக்கள் சபை 358க்கு 256 என்று திருத்தம் செய்தது: இங்கே வாழும் ஐரோப்பிய நாட்டவரின் உரிமைகளைப் பாதுகாக்க மூன்று மாதத்துக்குள் முன்மொழிவு வேண்டும். நாங்கள்! யாராலும் தெரிவுசெய்யப்படாத சபைதான் எங்களை நினைத்தது. மனைவி கேசரி கிண்டினாள்.

மார்ச் 13, திங்கள்

பொதுமக்கள் சபையில் 335க்கு 287. திருத்தம் போயிற்று. பிரபுக்கள் இரவே விட்டுக்கொடுத்துவிட்டார்கள்.

மார்ச் 29, புதன்

விலகல் அறிவித்தல் கடிதம் பிரசல்ஸில், ஐரோப்பிய கவுன்சில் தலைவர் டொனால்ட் டஸ்க்கின் கையில். ஆறு பக்கங்கள். திரும்பப் பெற முடியுமா என்று இதுவரை எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. அதைக் கேட்க வேண்டிய இடம் லக்ஸம்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம், அங்கே போக இந்த வழக்கின் இரு தரப்புக்கும் விருப்பமிருக்கவில்லை. நிரந்தர வதிவிடத்துக்கான 85 பக்கப் படிவத்தை அச்செடுத்துவிட்டேன். 2009 ஆம் ஆண்டுச் சம்பளச் சான்று காணவில்லை. நாளை பழைய முதலாளியிடம் கேட்க வேண்டும்.