அன்பினாலும் பிரியத்தினாலும்

சென்ற ஆண்டு எங்கள் வீட்டை என் பெயருக்கு எழுதிவைக்க அப்பா முடிவு செய்தபோது, பத்திர எழுத்தர் கொண்டுவந்த தான செட்டில்மெண்ட் நகலில் சர்வே எண், நான்கெல்லை, மின் இணைப்பு எண், "உன் பேரில் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்" என்ற வழக்கமான வாசகம், இனி இதை எக்காரணம் கொண்டும் ரத்து செய்வதில்லை என்ற உறுதி, எல்லாம் இருந்தன. வீட்டைப் பெற்றுக்கொள்ளும் நான் என் பெற்றோரை அவர்கள் காலம் உள்ளவரை காப்பாற்ற வேண்டும் என்ற வரி மட்டும் இல்லை. அதைச் சேர்க்கச் சொன்னேன். எழுத்தர் என்னை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்து, "பையன் மேல நம்பிக்கை இல்லீங்களா ஐயா?" என்றார். அப்பா கூசிப்போய், "அதெல்லாம் எதுக்குப்பா, நல்லா இருக்காது" என்றார்.

முதியோர் உரிமை பற்றிப் பேசுகிறவர்கள் ஓய்வூதியத்தையும் முதியோர் இல்லங்களையும் பேசுகிற அளவுக்கு இந்தக் கூச்சத்தைப் பேசுவதில்லை. என் பெரியம்மா ஒருவர் இதே கூச்சத்தால் நிபந்தனை ஏதுமின்றி எழுதிக் கொடுத்துவிட்டு, ஐந்தே ஆண்டுகளில் தன் வீட்டின் பின்கட்டில் விருந்தாளியைப் போல ஒடுங்கி உட்காரும் நிலைக்கு வந்தார். அவரை யாரும் அடிக்கவில்லை, பட்டினி போடவுமில்லை. கண் அறுவைச் சிகிச்சையை மட்டும் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று இரண்டு ஆண்டுகள் தள்ளினார்கள். அவர் கையில் கேட்பதற்கு எந்தப் பிடியும் இல்லை.

2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் இப்படிப்பட்டவர்களுக்காகவே வந்தது. 60 வயதைக் கடந்தவர் தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் சொத்தை எழுதிக் கொடுத்து, சொத்தைப் பெற்றவர் அதைச் செய்யத் தவறினால், அந்தப் பத்திரம் மோசடியாலோ வற்புறுத்தலாலோ பெறப்பட்டதாகக் கருதப்பட்டு, கொடுத்தவர் விரும்பினால் செல்லாததாக அறிவிக்கப்படும் என்கிறது அதன் 23-ஆம் பிரிவு. தமிழ்நாட்டில் இதற்கு உரிமையியல் நீதிமன்றப் படியேற வேண்டியதில்லை; கோட்டாட்சியரே தீர்ப்பாயத் தலைவராக இருந்து விசாரிப்பார். மனுக் கொடுக்க முடியாத நிலையில் இருப்பவருக்காக அவர் அதிகாரம் அளித்த வேறொருவர் கொடுக்கலாம். பெற்றோருக்குப் பிள்ளைகள் தரவேண்டிய ஜீவனாம்சத்துக்குச் சட்டம் வைத்த உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். இன்றைய மருந்துச் செலவுக்கு அது எந்த மூலைக்கு?

சிக்கல் "நிபந்தனையுடன்" என்ற சொல்லில் இருக்கிறது. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சுதேஷ் சிக்காரா வழக்கில், நிபந்தனை இருந்தது என்பதை நிறுவாமல் 23-ஆம் பிரிவைப் பயன்படுத்த முடியாது என்றது. நெருங்கிய உறவுக்குச் சொத்தைக் கொடுப்பவர் பல நேரங்களில் எதையும் எதிர்பாராமல் அன்பினாலேயே கொடுக்கிறார் என்பது அதன் வாதம். ஆக, பத்திரத்தில் எழுதிய அன்பே எழுதியவருக்கு எதிராகத் திரும்பியது. 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில் அதே நீதிமன்றம், இது முதியோர் நலனுக்கான சட்டம், தாராளமாகவே பொருள்கொள்ள வேண்டும் என்று சொல்லி, தீர்ப்பாயம் சொத்தின் சுவாதீனத்தையும் திருப்பித்தர உத்தரவிடலாம் என்றது. அதே ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஓரடி முன்னே சென்றது. நாகப்பட்டினத்தில் மகனுக்கு எழுதிக் கொடுத்த முதிய தாய், மகன் இறந்தபின் மருமகளால் கைவிடப்பட்ட வழக்கு அது. வெளிப்படையான நிபந்தனை இல்லாவிட்டாலும், அன்பினால் எழுதிக் கொடுப்பதிலேயே பராமரிப்பார் என்ற நிபந்தனை உள்ளடங்கியிருக்கிறது என்று கூறி, பத்திரம் ரத்தானதை நீதிபதிகள் உறுதிசெய்தார்கள்.

எனக்கு உயர் நீதிமன்றத்தின் பார்வையே நம் வாழ்க்கைக்கு நெருக்கமாகப் படுகிறது. எந்தத் தாயும் மகனிடம் நிபந்தனை பேசுவதில்லை என்பதற்காக, அவளுக்கு எதிர்பார்ப்பே இல்லை என்று கொள்வது எப்படி நியாயமாகும்? ஆனாலும், எந்தப் பார்வை எந்த வழக்கில் வெல்லும் என்று 80 வயதில் காத்திருந்து பார்க்கச் சொல்வது கொடுமை. 60 கடந்தவர் உறவினருக்குச் செட்டில்மெண்ட் எழுதும்போது, பராமரிப்பு நிபந்தனை வேண்டுமா என்று சார்பதிவாளரே கேட்டு, வேண்டாம் என்றால் அதையும் பதிவுசெய்ய வேண்டும் என்று அரசு விதி வகுக்கலாம். அப்படிச் செய்தால் கேட்கிற பாரம் பெற்றோர் தலையில் விழாது. அதுவரை, வாழ்நாள் முழுவதும் மாற்றிக்கொள்ளத் தக்க உயிலோ, ஆயுள் அனுபவ உரிமையைத் தம்மிடம் நிறுத்திக்கொள்ளும் செட்டில்மெண்டோ மேல் என்பேன். (என் அப்பாவிடம் உயில் பேச்சை எடுத்தால் "என்னைச் சீக்கிரம் அனுப்பப் பார்க்கிறாயா" என்பார், அதனால் நாங்கள் செட்டில்மெண்டில் நின்றோம்.)

மூன்று நாள் பேசியபின் எங்கள் பத்திரத்தில் சேர்ந்த வாசகம் இது: "எங்கள் இருவர் ஆயுள் உள்ளவரை மேற்படி வீட்டில் எங்களைக் குடியிருக்கச் செய்து, உணவு, உடை, மருத்துவச் செலவு அனைத்தும் நீ செய்து எங்களைப் பராமரித்து வரவேண்டியது, தவறினால் இந்தச் செட்டில்மெண்டை ரத்து செய்துகொள்ள எங்களுக்கு முழு உரிமை உண்டு." ரத்து செய்வதில்லை என்ற பழைய வரியை அடித்துவிட்டோம். இதற்காக எழுத்தர் கூடுதல் கட்டணம் எதுவும் கேட்கவில்லை.