ஒன்பதடிக் கதவு

கோவளத்தில் இன்று காலை அலைமேல் நின்று சறுக்கும் ஆறடி சர்ஃப் போர்டு ஒன்றைத் தடவிக்கொண்டே நின்றேன். கூர் மூக்கு, பளபளப்பு, வீடியோக்களில் வருவது போலவே.

"அண்ணே, அது வேண்டாம்" என்றான் கற்றுத்தரும் மீனவத் தம்பி. எடுத்துக் கொடுத்தது ஒன்பதடி ஃபோம் போர்டு, கதவைப் பெயர்த்து வந்த மாதிரி. வெயிலில் வெளுத்து, நடுவில் யார் யாரோ முட்டி போட்டுப் பதிந்த இரண்டு குழி.

நீளமும் அகலமும் பருமனும் இருந்தால்தான் நம் எடையைத் தாங்கி மிதக்குமாம், சின்ன அலையே தள்ளிக்கொண்டு போகுமாம். குட்டைப் பலகை என்றால் பாதி அமிழ்ந்து, கையால் துழாவியே தோள் ஓய்ந்துவிடும். தலையில் இடித்தாலும் ஃபோம்தானே (சரி, வலித்தது).

முதல் சைக்கிளில் தொடங்கி எல்லாவற்றையும் அழகு பார்த்தே வாங்கியவன் நான்.

பதினோராவது தடவை மூன்று விநாடி நின்றேன். அவன் முதல் நாளே நின்றுவிட்டானாம். கட்டுமரத்தில் வளர்ந்தவன். நான் நாற்காலியில்.