அப்பாவுக்கு வாசித்துக் காட்டும் நாவல்கள்

அப்பாவுக்குக் கண்ணில் நீர் அழுத்தம் கூடி, பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, இப்போது எழுத்து சுத்தமாகத் தெரிவதில்லை. நாற்பது வருடம் படுக்கப் போகும் முன் படித்துவிட்டுத்தான் படுத்த மனிதர். பூதக்கண்ணாடி, தலைக்கு மேல் தனி விளக்கு என்று எல்லாம் வைத்துப் பார்த்தாயிற்று. ஒலிப்புத்தகம் போட்டுக் கொடுத்தேன். இரண்டு நாள் கேட்டுவிட்டு, "நடுவுல நிறுத்தி ஒரு வார்த்தை பேச முடியலையேம்மா" என்றார். அன்றிலிருந்து ராத்திரி ஒன்பது மணிக்கு நான் வாசிக்கிறேன், அவர் கேட்கிறார். ஒரு நாளைக்கு இருபது பக்கம். தொண்டை நன்றாக இருந்தால் முப்பது. எட்டு மாதம் ஆகிவிட்டது.

கண்ணால் படிக்கும்போது நான் எவ்வளவு தாவித் தாவிப் போய்க்கொண்டிருந்தேன் என்பது இந்த எட்டு மாதத்தில்தான் தெரிந்தது. வர்ணனை வந்தால் கண் தானாகக் கீழே இறங்கிவிடும். யாராவது பேசத் தொடங்கும் இடத்தில் போய் நிற்கும். வாய்விட்டு வாசிக்கும்போது அதெல்லாம் நடக்காது. ஒவ்வொரு வரிக்கும் மூச்சு கொடுக்க வேண்டும். சில நாவல்கள் அந்த மூச்சைத் திருப்பித் தருகின்றன, சில வாங்கிக்கொண்டு சும்மா இருக்கின்றன. "என்ன படிக்கலாம்?" என்று கேட்கும் நண்பர்களுக்கு இப்போதெல்லாம் அந்த முதல் வகையைத்தான் சொல்கிறேன்.

முதலில் அசோகமித்திரனின் 'தண்ணீர்'. 1973-இல் வந்தது. கல்லூரிக் காலத்தில் ஒரே மூச்சில் படித்து, 'ஒன்றும் நடக்கவில்லையே' என்று மூடி வைத்திருந்தேன். சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம். குடத்தைத் தூக்கிக்கொண்டு அலையும் ஜமுனா, அவள் தங்கை சாயா, சினிமா ஆசை காட்டி ஜமுனாவின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்ட பாஸ்கர் ராவ். கதை அவ்வளவுதான். ஆனால் சத்தமாக வாசித்தபோது அந்தச் சின்னச் சின்ன வாக்கியங்கள் வேறு மாதிரி வேலை செய்தன. யார் பேசுகிறார்கள் என்று அவர் பல இடங்களில் சொல்வதே இல்லை. அக்காவுக்கு ஒரு குரல், தங்கைக்கு ஒரு குரல் என்று நானே பிரித்து வாசிக்க வேண்டியிருந்தது. அப்படிப் பிரித்தபோதுதான் சாயாவின் கோபத்துக்குள் இருக்கும் பயம் எனக்குக் கேட்டது.

டீச்சரம்மா ஜமுனாவிடம் தன் கல்யாண வாழ்க்கையைச் சொல்லும் இடம் வந்தது. அவள் அழுவதில்லை, ஆறுதலும் சொல்வதில்லை. நடந்ததை அடுக்கிக்கொண்டே போகிறாள். அந்தப் பகுதியை முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். "அதை இன்னொரு தடவை வாசி" என்றார் அப்பா. வாசித்தேன். அதற்கு மேல் அன்றைக்கு இரண்டு பேருமே எதுவும் பேசவில்லை. நாவல் படிக்கும் பழக்கமே விட்டுப்போனவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். சின்னப் புத்தகம், நாலைந்து நாளில் முடிந்துவிடும், அப்புறம் பல நாள் கூடவே இருக்கும்.

அடுத்தது கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்'. 1976. இது காதுக்கென்றே எழுதிய நாவல் என்றுதான் சொல்வேன். ஆரம்பத்திலேயே ஒரு கொலை. தண்ணீர் குடிக்கக் குளத்தில் இறங்கும் ஒரு பெண்ணை, காதில் கிடக்கும் பாம்படத்துக்காக ஒரு திருடன் நீருக்குள் போட்டு மிதிக்கிறான். அவள் அவன் கால் பெருவிரலைக் கடித்துக்கொள்கிறாள். உயிர் போன பிறகும் அந்தக் கடி விடுபடவில்லை. இதை வாசிக்கும்போது என் குரல் தானாக வேகம் எடுத்தது. "மெதுவா, மெதுவா" என்று அப்பா கையைத் தூக்கினார். அவர் சொன்னது சரிதான். கி.ரா. அந்த இடத்தில் அவசரப்படுவதே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்பவர் போல நின்று நிதானமாகச் சொல்கிறார், அதனால்தான் நமக்கு மூச்சு முட்டுகிறது.

அப்புறம் மங்கத்தாயாரு அம்மாள் வருகிறாள். வயது நூற்று முப்பத்தேழு. தெலுங்கு தேசத்திலிருந்து தன் கூட்டம் தப்பி ஓடிவந்த கதையை அவள் சொல்லச் சொல்ல வீடே கேட்கிறது. சென்னாதேவி என்ற அழகியைக் காப்பாற்றத்தான் அந்த ஓட்டம். துரத்துகிறவர்கள் நெருங்கும்போது ஆற்றங்கரை மரம் ஒன்று சாய்ந்து அவர்களுக்கு வழி கொடுக்கிறது. தனியாகப் படித்தபோது இதை ஒரு கற்பனை என்று எடுத்துக்கொண்டு கடந்துபோயிருந்தேன். இப்போது, ஒரு பாட்டி சொல்வதை நான் சொல்ல, அதை என் அப்பா கேட்க, அந்த மரம் சாய்ந்ததில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. வந்து சேர்ந்த இடத்தில் காட்டுக்குத் தீ வைத்து நிலமாக்குகிறார்கள், பிறகு வெட்டுக்கிளி வருகிறது, கொள்ளைக்காரர்கள் வருகிறார்கள், கடைசியில் வெள்ளைக்காரன் ஆட்சி வருகிறது. தனி நாயகன் என்று யாரும் கிடையாது, ஊர்தான் நாயகன். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் தயவுசெய்து இதை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர்களுடைய கதைகள் தானாக வெளியே வரும். என் கொள்ளுப்பாட்டியின் பெயர் எனக்கு இந்த நாவலால்தான் தெரிந்தது.

இதன் தொடர்ச்சியான 'கோபல்லபுரத்து மக்கள்' 1991-இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கியது. அதையும் எடுத்து வைத்திருக்கிறேன். முதல் பாகத்தை முடித்துவிட்டுத்தான் அதற்குப் போக வேண்டும் என்பது என் கட்சி.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யில் எங்களுக்குள் அபிப்பிராய பேதம் வந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து மெடானும் பினாங்கும், அங்கே பிழைக்கப்போன தமிழர்கள், நாயகன் பாண்டியன், இந்திய தேசிய ராணுவம். சிங்காரமே பதினெட்டு வயதில் இந்தோனேசியாவுக்குப் போனவர். ஆயுளில் இரண்டே நாவல்தான் எழுதினார். மலாய்ச் சொல், டச்சுத் தெருப்பெயர், செட்டிமார் கடைப் பேச்சு, பழந்தமிழ்ப் பாட்டின் நடை எல்லாம் ஒரே பத்தியில் வந்து மோதும். எனக்கு நாக்கு திணறியது. இதைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணால்தான் படிக்க வேண்டும், திரும்பத் திரும்பப் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. "புரியலைன்னா என்ன, சத்தம் நல்லாருக்கு" என்றார். சண்டை நடக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு பாண்டியன் சின்னமங்கலத்தையும் மதுரைத் தெருக்களையும் நினைத்துக்கொள்ளும் பக்கங்களை அவருக்காக மூன்று தடவை வாசித்தேன். மூன்றாவது தடவை அவர் பக்கம் கொஞ்சம் சாய்ந்துவிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். புதிதாகப் படிப்பவர்கள் முதல் ஐம்பது பக்கத்தில் விட்டுவிடாமல் தாண்டினால் போதும், பிறகு நாவலே இழுத்துக்கொண்டு போகும்.

தி. ஜானகிராமனின் 'மோகமுள்' பாதியில் நிற்கிறது. அது நன்றாகவே போய்க்கொண்டிருந்தது, எனக்குத்தான் காய்ச்சல் வந்து தொண்டை கட்டிக்கொண்டது. ரங்கண்ணா பாபுவுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் பகுதிகளை ஒருமுறையாவது வாய்விட்டுப் படியுங்கள். பேச்சை எழுதுவதில் ஜானகிராமனுக்கு மேல் யாரும் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. நீளமான நாவல், அதற்கென்று தனியாக இரண்டு மாதம் ஒதுக்க வேண்டும்.

இப்போது வாசித்துக்கொண்டிருப்பது பூமணியின் 'வெக்கை'. 1982-இல் வெளிவந்தது. 2019-இல் வந்த 'அசுரன்' படத்துக்கு இதுதான் மூலம். படம் பார்த்துவிட்டோம், கதை தெரியும் என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். படம் அப்பாவின் பக்கம் நிற்கிறது. நாவல் பையனின் பக்கம். சிதம்பரத்துக்குப் பதினைந்து வயது. அண்ணனைக் கொன்றவனின் கையை மட்டும் வெட்டத்தான் நினைக்கிறான், ஆளே செத்துவிடுகிறான். அங்கேதான் நாவல் தொடங்குகிறது. அதன்பிறகு அப்பனும் மகனும் காட்டிலும் மேட்டிலும் ஒளிந்து திரியும் சில நாட்கள்தான் மொத்த நாவலும்.

முதல் நாள் வாசித்தபோது ஒன்றைக் கவனித்தேன். அந்த அய்யா மகனைப் பார்த்து 'ஏன்டா இப்படிச் செய்தாய்' என்று குதிப்பதில்லை. கிடைத்ததைப் பொங்கிச் சாப்பிட வைக்கிறார், எங்கே படுக்கலாம் என்று பார்க்கிறார், வெள்ளாமை பற்றியும் சொந்தக்காரர்கள் பற்றியும் பேசுகிறார். கொலை செய்துவிட்டு வந்த பிள்ளை நடுநடுவே வெறும் பிள்ளையாகிவிடுகிறான். இவர்கள் என்ன சாதி, எதிராளி என்ன சாதி என்று பூமணி எங்கேயும் பெயர் சொல்வதில்லை. சொல்லாமலே அந்த நிலத்தின் அநியாயம் முழுக்கத் தெரிகிறது. உரையாடல் எல்லாம் கரிசல் பேச்சு. எனக்கு அது வீட்டுப் பேச்சு இல்லை, அதனால் பகலில் ஒரு தடவை தனியாக வாசித்துப் பார்த்துக்கொண்டுதான் ராத்திரி உட்காருகிறேன். எங்கே நீட்ட வேண்டும், எங்கே வெட்ட வேண்டும் என்று பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன்.

அடுத்து வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' என்று முடிவாகியிருக்கிறது. தன் வல்லத்தை, அதாவது மீன்பிடிப் படகை, விட மனசில்லாத குரூஸ் மிக்கேலும் அவர் மகள் பிலோமியும் வரும் கதை. நான் முன்பு படித்ததுதான், ஆனாலும் பிலோமியின் குரலை எப்படிப் பிடிப்பது என்று இப்போதே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

'வெக்கை' நேற்று ராத்திரியே முடிந்திருக்க வேண்டியது. கடைசி ஆறு பக்கம் இருந்தது, அப்பனும் மகனும் கோர்ட்டுக்குக் கிளம்பத் தயாராகிறார்கள். மணி பத்தரை ஆகிவிட்டது, ஆனாலும் முடித்துவிடலாம் என்று பக்கத்தைத் திருப்பினேன். அப்பா கையை நீட்டி, தடவிப் பார்த்து, புத்தகத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"இன்னிக்கு வேண்டாம்மா. அவங்க ரெண்டு பேரும் இன்னும் ஒரு ராத்திரி சேர்ந்து இருக்கட்டும்" என்றார்.

அடையாளத்துக்குப் பென்சிலை உள்ளே வைத்து மூடினேன். இன்றைக்கு ஒன்பது மணிக்கு அந்த ஆறு பக்கம்.